பழைய ஹாம் செட்டில் கண்டென்சர் மாற்றுவது: முதல் முறை கை வைப்பவர்களுக்கு

பரணிலிருந்து இறக்கிய ஹாம் (அமெச்சூர் வானொலி) ரிசீவரோ, காயலான் கடையில் எடைக்கு வாங்கிய ராணுவ செட்டோ உங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தால், தூசி தட்டுங்கள், மூடியைக் கழற்றிப் பாருங்கள், ஆசை தீரப் படம் எடுங்கள். ப்ளக்கை மட்டும் சொருகிவிடாதீர்கள். "ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துடுவோம்" என்கிற அந்த ஒரு தடவையில் போய்ச் சேர்ந்த செட்டுகள் ஏராளம். பத்து ரூபாய் கண்டென்சர் (கெபாசிட்டர்) ஒன்று ஷார்ட் ஆகும். அது, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வையும் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வால்வைக்கூடத் தேடிப் பிடித்துவிடலாம். அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் மறுபடி கிடைக்காது. ரீவைண்டிங் கடையில் கொடுத்து, கெஞ்சிச் சுற்றி வாங்க வேண்டியதுதான்.

இன்னொரு பக்கம், யூட்யூபில் பார்த்துவிட்டு எல்லா கண்டென்சரையும் ஒரே உட்காரலில் பிடுங்கி மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை முடிந்து செட் ஓடவில்லை என்றால், முப்பது இடத்தில் எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எது முதலில், எது பிறகு, எதைத் தொடவே வேண்டாம் என்று இதில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசைப்படி, ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டுக்கொண்டே போனால் முதல் செட்டே நன்றாக அமையும்.

ஏன் கெடுகின்றன?

பழைய செட்டில் முக்கியமாக இரண்டு வகைதான் நம்மைப் படுத்தும். ஒன்று, மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர். ஈயத்தாளுக்கு நடுவே காகிதம் வைத்துச் சுருட்டியது. காகிதம் வருடக்கணக்கில் ஈரத்தை இழுத்து, மெல்ல மெல்ல கரண்டை லீக் விடத் தொடங்கும். இன்னொன்று எலக்ட்ரோலிட்டிக். அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் ஆக்ஸைடு படலம்தான் அதில் இன்சுலேஷன். ஓட்டாமல் போட்டு வைத்தால் அந்தப் படலம் கரைந்து மெலியும், உள்ளே இருக்கும் திரவமும் காயும்.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் இரண்டுக்கும் வசதி அதிகம். கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது வழக்கமான செய்தி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடியறைப் பரணில் அதைவிட மேலே போகும். எலக்ட்ரோலிட்டிக்குக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் பேப்பர் கண்டென்சர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் "இது ஒரிஜினல் பீஸ், தொடவே இல்லை" என்று யாராவது பெருமையாகக் கொடுத்தால், கண்டென்சர் விஷயத்தில் அது எச்சரிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கா, செராமிக், ஸ்டேஷன் திருப்பும்போது சுழலும் காற்று இடைவெளி உள்ள கேங் கண்டென்சர், இவை அப்படி இல்லை. பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் கெட்டுப்போகாது. ட்யூனிங் காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்காவை "பழசாச்சே" என்று மாற்றினால், அலைன்மென்ட் (ட்யூனிங்கைச் சரிப்படுத்தும் வேலை) முழுவதையும் மறுபடி செய்ய வேண்டிவரும். அவற்றைத் தொடாதீர்கள்.

எந்த செட்டில் தொடங்கலாம்?

பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ரிசீவர் ஒன்றில் தொடங்குங்கள். எடிஸ்டோன் மாதிரி பிரிட்டிஷ் ரிசீவர் என்றால் உள்ளே இடம் தாராளமாக இருக்கும். வீட்டு வால்வு ரேடியோ ஒன்றில் முதலில் கை பழகிக்கொண்டாலும் நல்லதுதான்.

ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 போன்ற செட் கிடைத்தால் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பார்க்க அழகாக, சின்னதாக இருக்கும். ஆனால் அதில் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. கரண்டின் ஒரு முனை சேசிஸ் (செட்டின் உலோகச் சட்டம்) வரைக்கும் வந்துவிடும், தொட்டால் ஆளைத் தூக்கும். போதாததற்கு அது அமெரிக்காவின் 115 வோல்ட்டுக்குச் செய்தது. லைனிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்த வகையில் கை வைக்கக் கூடாது. பொதுவாகவே அமெரிக்க செட் எதுவாக இருந்தாலும், பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

யேசூ எஃப்டி-101, கென்வுட் டிஎஸ்-520 மாதிரி 1970களின் ட்ரான்ஸீவர்கள் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் செட்டுகள்) நம் ஹாம்களிடம் இன்றும் இருக்கின்றன. அருமையான செட்டுகள். ஆனால் கடைசி வால்வுகளுக்குப் போகும் வோல்ட்டேஜ் எஃப்டி-101இல் 600 வோல்ட் அளவில், டிஎஸ்-520இல் 800 வோல்ட் அளவில். முதல் வேலையாக இவை வேண்டாம்.

சாமான்கள்

மல்டிமீட்டர், நோஸ் பிளையர், கட்டர், டீசால்டர் பம்ப், ஈயக் கம்பி, ஸ்லீவ். இவை உங்களிடம் இருக்கும். சால்டரிங் அயர்ன் மட்டும் இரண்டு வேண்டும். 25 வாட் அயர்ன் சின்ன வேலைகளுக்குப் போதும். சேசிஸிலேயே பற்றவைத்த எர்த் பாயின்ட்டில் அதை வைத்தால் சூடெல்லாம் தகடு குடித்துவிடும், ஈயம் உருகாது. அதற்கு 60 வாட்டாவது வேண்டும்.

இரண்டு சாமானை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

முதலாவது சீரிஸ் பல்ப். ஒரு பலகையில் ஹோல்டர் ஒன்று, சாக்கெட் ஒன்று. ஃபேஸ் வயர் குண்டு பல்ப் வழியாகப் போய் சாக்கெட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும், செட் தப்பிக்கும். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது, பழைய இழை பல்பேதான் வேண்டும். கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட இன்னும் வாங்குகிறார்கள் என்பதால் ஊர்ப்பக்க எலெக்ட்ரிகல் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். சின்ன ரிசீவருக்கு 60 வாட், பெரியதுக்கு 100 வாட்.

இரண்டாவது, டிஸ்சார்ஜ் கட்டை. 2.2 கிலோஓம், 10 வாட் வயர்வூண்ட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு பக்கமும் நன்றாக இன்சுலேட் செய்த வயரும் முதலைக் கிளிப்பும். கண்டென்சரில் தேங்கியிருக்கும் கரண்டை வெளியேற்ற இதுதான். ஸ்க்ரூ டிரைவரை வைத்து "டப்" என்று ஷார்ட் செய்கிற பழக்கத்தைக் கற்றுக்கொள்ளாதீர்கள். கண்டென்சருக்கும் கெடுதல், தெறிக்கும் பொறி கண்ணுக்கும் கெடுதல்.

இனி கண்டென்சர் வாங்குவது. வேலூர் லாங்கு பஜார் பக்கம் எலெக்ட்ரிகல் கடையில் போய் "கண்டென்சர் குடுங்க" என்றால் சீலிங் ஃபேனுக்குப் போடும் 2.5 மைக்ரோஃபாரட் டப்பாவை எடுத்து வைப்பார்கள். நமக்கு அது வேண்டாம். டிவி, யுபிஎஸ் பழுது பார்க்கும் கடைகளில் 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஓரிரண்டு மதிப்புகளில் இருக்கும். முழுப் பட்டியலும் ஒரே நாளில் வேண்டுமென்றால் காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்விடுங்கள். எதிர்த் திசையில் பெங்களூரு எஸ்.பி. ரோடும் அதே மாதிரிதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நமக்கு வாய்த்த வசதி.

எலக்ட்ரோலிட்டிக் வாங்கும்போது 105 டிகிரி என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். 85 டிகிரி சரக்கு நம் வெயிலுக்கு, அதுவும் வால்வு சூட்டுக்குப் பக்கத்தில், சீக்கிரம் போய்விடும். நம் கெல்ட்ரான், ஜப்பானின் நிச்சிகான், ரூபிகான் போன்ற தெரிந்த பெயர்கள் நல்லது. "பழைய ஸ்டாக், பெட்டியே பிரிக்கலை" என்று கடைக்காரர் ஒரிஜினல் எலக்ட்ரோலிட்டிக்கை நீட்டினால் வாங்காதீர்கள். பெட்டிக்குள் கிடந்தாலும் வயது ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

மதிப்பைப் படிப்பது

பழைய சர்க்யூட் படத்தில் எம்எஃப்டி என்று இருந்தால் மைக்ரோஃபாரட். எம்எம்எஃப்டி என்று எம் இரண்டு முறை வந்தால் பிகோஃபாரட். இதைக் குழப்பிக்கொண்டால் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம் வரும், கவனம்.

பழைய மதிப்புகள் இன்று அப்படியே கிடைக்காது, பக்கத்து மதிப்பைப் போடலாம். 0.05க்கு 0.047, 0.02க்கு 0.022, 8 மைக்ரோஃபாரட்டுக்கு 10, 16க்கு 22, 32க்கு 33, 50க்கு 47. புது ஃபிலிம் கண்டென்சரின் மேல் 104 என்று இருந்தால் 0.1 மைக்ரோஃபாரட், 473 என்றால் 0.047, 223 என்றால் 0.022, 103 என்றால் 0.01.

வோல்ட்டேஜைக் குறைக்கவே கூடாது. பேப்பருக்குப் பதிலாகப் போடும் ஃபிலிம் கண்டென்சரை 630 வோல்ட்டாக வாங்கிவிட்டால், மெயின்ஸ் வரும் இடம் தவிர, ரிசீவரில் எந்த இடத்துக்கும் பயமில்லை. ரெக்டிஃபையருக்குப் பிறகு டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சருக்கு 450 வோல்ட். "செட்டில் 250 வோல்ட்தானே ஓடுகிறது, 350 போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. ட்ரான்ஸ்ஃபார்மரில் 250 வோல்ட் ஏசி என்றால் அதன் உச்சம் 353 வோல்ட். லோடு ஏறாத நேரத்தில் கண்டென்சர் அந்த உச்சத்துக்கே ஏறும். ராத்திரி பத்து மணிக்கு மேல் லைனில் 245 வோல்ட் வந்தால் இன்னும் கூடும்.

ஃபில்டரின் மதிப்பையும் இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். 16 இருந்த இடத்தில் 100 போட்டால் இரைச்சல் குறையும் என்று தோன்றும். ரெக்டிஃபையர் வால்வுக்குப் பிறகு வரும் முதல் கண்டென்சரைப் பெரிதாக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த வால்வு தாங்க முடியாத அளவு கரண்டை ஒரே மூச்சில் கொடுக்க வேண்டிவரும். பழைய மதிப்புக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

கை வைக்கும் முன்

ப்ளக் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சை அணைத்தது கணக்கில் வராது, ப்ளக் உங்கள் கண்ணெதிரே மேஜை மேல் கிடக்க வேண்டும். டிஸ்சார்ஜ் கட்டையின் ஒரு கிளிப்பை சேசிஸில் மாட்டுங்கள். மற்றதை ஒவ்வொரு ஃபில்டர் கண்டென்சரின் ப்ளஸ்ஸிலும் ஐந்து வினாடி வையுங்கள். பிறகு மீட்டரை வைத்து சைபர் என்று கண்ணால் பாருங்கள். பெரிய கண்டென்சர்களில் காலியான பிறகும் கொஞ்சம் வோல்ட்டேஜ் தானாகத் திரும்பி ஊறும். அதனால் வேலை முடியும்வரை கிளிப்பை அங்கேயே விட்டுவிடலாம். செட்டுக்கு மறுபடி கரண்ட் கொடுக்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் ஒரு கையால் மட்டும். ஆற்காட்டில் வால்வு காலத்திலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் வேறு எதையும் இவ்வளவு தடவை சொல்லமாட்டார்: "இடது கை பாக்கெட்ல, தம்பி." இரண்டு கையும் செட்டில் இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். காலில் ரப்பர் செருப்பு, கையில் மோதிரமோ செயின் வாட்ச்சோ இல்லாமல் உட்காருங்கள்.

செட்டின் அடிப்பக்கத்தை நாலு கோணத்தில் போன் கேமராவில் படம் எடுங்கள். ஒவ்வொரு கண்டென்சரும் எந்தப் பின்னிலிருந்து எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சர்க்யூட் படம் கிடைத்தால் பிரிண்ட் போட்டு, மாற்றியதை மாற்றியதும் பேனாவால் டிக் அடியுங்கள். அச்சிட்ட படத்துக்கும் செட்டுக்கும் ஒத்துப்போகாத இடம் ஓரிரண்டு வரும். அப்போது செட்டில் இருப்பதை நம்புங்கள். முன்னால் யாரோ கைவைத்து மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் ஈயத்தின் நிறத்தைப் பார்த்து யோசியுங்கள். பழைய கம்பெனி ஈயம் மங்கியிருக்கும், பின்னால் வைத்தது பளபளப்பாகத் தெரியும்.

வரிசை

முதலில் மெயின்ஸ் வரும் இடம். பல பழைய செட்டுகளில் கரண்ட் வயரிலிருந்து சேசிஸுக்கு ஒரு 0.01 பேப்பர் கண்டென்சர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் செட்டின் இரும்பு முழுவதும் ஃபேஸ். வீட்டில் ஈஎல்சிபி (எர்த் லீக் பிரேக்கர்) இருந்து, இந்த செட்டைப் போட்டதும் அது விழுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இங்கே சாதாரண ஃபிலிம் கண்டென்சர் போடக் கூடாது. வயரிலிருந்து சேசிஸுக்கு ஒய்2 என்று அச்சிட்டது, இரண்டு வயருக்கும் குறுக்கே எக்ஸ்2 என்று அச்சிட்டது. ஒய்2இல் 2200 அல்லது 4700 பிகோஃபாரட் போதும். அதோடு, வெடித்துப்போன இரண்டு பின் வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று கோர் வயர் போட்டு, பச்சையைச் சேசிஸில் இறுக்குங்கள். ஃபேஸில் பியூஸ் கட்டாயம்.

அடுத்து ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக். சேசிஸின் மேல் நிற்கும் அலுமினிய டப்பாதான் அது. ஒரே டப்பாவுக்குள் இரண்டு மூன்று கண்டென்சர் இருக்கும். அடியில் பின்களுக்குப் பக்கத்தில் அரைவட்டம், சதுரம், முக்கோணம் என்று வெட்டு இருக்கும். எந்தக் குறிக்கு எத்தனை மைக்ரோஃபாரட் என்று டப்பாவின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும். டப்பாவைப் பிடுங்க வேண்டியதில்லை, அழகுக்கு அப்படியே நிற்கட்டும். பின்களில் இருந்து வயர்களை மட்டும் கழற்றி, சேசிஸுக்கு அடியில் ஒரு டேக் ஸ்ட்ரிப் இறுக்கி, புதுக் கண்டென்சர்களை அங்கே போடுங்கள். பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதைப் பற்றவைப்பது சுலபமாகத் தோன்றும். கெட்டது உள்ளேயே இருந்து லீக் அடித்துக்கொண்டேதான் இருக்கும் என்பதால் அதைச் செய்யாதீர்கள்.

இங்கே புதியவர்கள் சறுக்கும் ஒரு இடம் உண்டு. டப்பாவின் மைனஸ் எல்லா செட்டிலும் சேசிஸ் என்று நினைத்துவிடக் கூடாது. சில செட்டுகளில் டப்பாவுக்கும் சேசிஸுக்கும் நடுவே பழுப்பு நிற ஃபைபர் வாஷர் ஒன்று இருக்கும். அப்படி இருந்தால் மைனஸ் சேசிஸில் இல்லை. ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு வயருக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் போட்டு, அதிலிருந்து, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கு) நெகட்டிவ் பயாஸ் (வால்வின் கரண்டை அளவோடு வைக்கும் வோல்ட்டேஜ்) எடுத்திருப்பார்கள். புதுக் கண்டென்சரின் மைனஸைப் பழக்கதோஷத்தில் சேசிஸில் வைத்தால் ஃபில்டரின் கரண்ட் அந்த ரெசிஸ்டர் வழியாகவே ஓடி, பயாஸில் இரைச்சல் ஏறும். ஸ்பீக்கர் விடாமல் உறுமும். பழைய மைனஸ் வயர் எங்கே போனதோ, புதிய மைனஸும் அங்கேயே போக வேண்டும்.

ப்ளஸ் மைனஸ் மாறினால் எலக்ட்ரோலிட்டிக் வெடிக்கும். இன்றைய எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ். 1970களின் செட் போர்டுகளில் இருக்கும் துளி மாதிரியான டாண்டலம் கண்டென்சரில் இது தலைகீழ், குறி இருக்கும் பக்கம் ப்ளஸ். அதையும் இதையும் ஒரே பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

மூன்றாவது, என் கணக்கில் முழு செட்டிலும் முக்கியமானது: அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர். முந்தைய வால்வின் பிளேட்டில் நூறு வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். அந்த டிசியை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் அவுட்புட் வால்வுக்கு அனுப்புவது இந்த ஒற்றை 0.01 அல்லது 0.02தான். இது கொஞ்சம் லீக் ஆனாலும் கிரிட் பாசிட்டிவ் பக்கம் போகும், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், பிளேட் சிவக்கும், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போகும். மல்டிமீட்டரின் கண்டென்சர் ரேஞ்சில் வைத்தால் மதிப்பு சரியாகவே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். அந்த மீட்டர் சோதிப்பது ஓரிரண்டு வோல்ட்டில். லீக் தெரிவது நூறு வோல்ட்டில்.

எவ்வளவு லீக் என்று உங்கள் கண்ணால் பார்க்க விரும்பினால், ஃபில்டர் வேலை முடிந்து செட்டுக்கு சீரிஸ் பல்பில் கரண்ட் கொடுக்கும்போது இப்படிச் செய்யலாம். கரண்ட் இல்லாதபோது கண்டென்சரின் கிரிட் பக்கக் காலை மட்டும் கழற்றி, எதிலும் படாமல் நிமிர்த்தி வையுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு கிளிப்பை அந்தக் காலிலும் கறுப்பைச் சேசிஸிலும் மாட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இப்போது கரண்ட் கொடுங்கள். வால்வுகள் சூடானதும் மீட்டர் ஒரு துள்ளு துள்ளும், அது கண்டென்சர் சார்ஜ் ஆவது. நல்ல கண்டென்சர் என்றால் அந்த எண் இறங்கி சைபருக்குப் பக்கம் வந்து நிற்கும். லீக் என்றால் இறங்காமல் ஒரு எண்ணில் உட்கார்ந்துவிடும். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் தடை 10 மெகாஓம். பிளேட்டில் 120 வோல்ட் இருந்து மீட்டர் 60 காட்டினால், கண்டென்சரின் லீக்கும் அதே 10 மெகாஓம். கேட்க ரொம்பப் பெரிய தடையாகத் தெரியும். ஆனால் அவுட்புட் கிரிட்டில் இருக்கும் ரெசிஸ்டர் 470 கிலோஓம் என்றால், கணக்குப்படி கிரிட்டில் 5 வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும். இஎல்84 வால்வு 250 வோல்ட்டில் ஓட மொத்தமே 7.3 வோல்ட் நெகட்டிவ் பயாஸ்தான் வேண்டும். அதில் 5 போய்விட்டால் வால்வின் கதி என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் இந்த ஒரு கண்டென்சரைச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று நான் சொல்வதில்லை. சோதனை உங்கள் அறிவுக்கு. மாற்றுவது எப்படியும் மாற்ற வேண்டும்.

நான்காவது ஏவிசி லைன். சிக்னலுக்குத் தக்கபடி செட்டின் வால்யூமைத் தானாகச் சரிசெய்யும் நெகட்டிவ் வோல்ட்டேஜ் இந்த லைனில்தான் ஓடுகிறது. மெகாஓம் ரெசிஸ்டர்கள் வழியாக வருவதால் 0.05, 0.1 கண்டென்சர்களில் சிறு லீக் இருந்தாலும் அந்த வோல்ட்டேஜ் வடிந்துவிடும். பக்கத்து ஊர் ஸ்டேஷன் வந்ததும் ஒலி கரகரவென்று சிதைகிறது, எஸ் மீட்டர் (சிக்னல் பலம் காட்டும் முள்) சரியாக நகரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இங்கே.

பிறகு ஸ்கிரீன், கேதோடு, பிளேட் பைபாஸ்கள், அதாவது வால்வின் அந்தந்த முனைகளில் சிக்னலை எர்த்துக்கு விடும் கண்டென்சர்கள். இவற்றை ஒரு நாளைக்கு ஒரு ஸ்டேஜ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கண்டென்சர் பழையதில் கால்வாசி அளவுதான் இருக்கும். அதனால் கால்களை நீளமாக விட்டுவிடத் தோன்றும். ரேடியோ சிக்னல் ஓடும் ஆர்எஃப் பகுதியில் காலின் நீளமே ஒரு காயிலாக வேலை செய்யும், கூடியவரை குட்டையாக வெட்டுங்கள். பழையது எந்த எர்த் பாயின்ட்டில் இருந்ததோ அதே பாயின்ட்டில் வையுங்கள், பக்கத்தில் வசதியாக இன்னொன்று இருக்கிறதே என்று மாற்றாதீர்கள். ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) ட்ரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியுள்ள வயர்களை அழகுபடுத்த வேண்டாம். கோணல்மாணலாகத் தெரிந்தாலும் கம்பெனிக்காரன் காரணத்தோடுதான் அப்படி வளைத்திருப்பான். செட் விசில் அடிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் வயர் இடம் மாறியதுதான்.

ஒரு பின்னில் ஐந்தாறு கால்கள் முறுக்கிப் பற்றவைத்திருந்தால், அதை முழுவதும் பிரிக்கப் போய் வால்வு சாக்கெட்டின் பின்னையே உடைத்துவிடாதீர்கள். பழைய கண்டென்சரை அதன் உடம்புக்குப் பக்கத்தில் வெட்டி, அரை சென்டிமீட்டர் காலை விட்டுவையுங்கள். புதிய காலை மெல்லிய ஆணியில் இரண்டு சுற்று சுற்றி, ஸ்ப்ரிங் மாதிரி ஆக்கி, அந்தக் குட்டைக் காலில் நுழைத்து ஈயம் வையுங்கள். இப்படிச் செய்வதைச் சிலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பல வருடம் பழகிய பேக்லைட் சாக்கெட்டைக் காப்பாற்றுவதற்கு இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

ராணுவ செட்டுகளில் செவ்வகத் தகர டப்பாவுக்குள் கண்டென்சர்கள் அடைத்திருக்கும். அதன் வயர்களைக் கழற்றி, அடியில் ஃபிலிம் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே விடுங்கள். எண்ணெய் நிரப்பியது என்றால் வெட்டித் திறக்கவே கூடாது. பழைய எண்ணெய்களில் சிலவற்றில் உடம்புக்குக் கெடுதலான பிசிபி ரசாயனம் இருக்கலாம். ஒழுகினால் கையுறை போட்டுத் துடையுங்கள்.

கண்டென்சர் மாற்றும்போதே பக்கத்து ரெசிஸ்டரையும் அளந்துவிடுங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதானால் மதிப்பு ஏறும். 20 சதவிகிதத்துக்கு மேல் ஏறியிருந்தால் அதையும் மாற்றிவிடலாம்.

முதல் கரண்ட்

ஃபில்டரும் கப்ளிங்கும் முடிந்ததும் (மேலே சொன்ன லீக் சோதனை செய்வதானால் அதற்கு முன்பே, இதே முறையில்) முதல் முறை கரண்ட் கொடுக்கலாம். மற்றவை அப்புறம். செட்டின் பின்னால் வோல்ட்டேஜ் டேப் இருந்தால் 240இல் வையுங்கள். ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டு, சீரிஸ் பல்ப் வழியாகப் போடுங்கள். பல்ப் லேசாகச் சிவந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் நல்லது. பளிச்சென்று எரிந்தால் அணைத்துவிட்டு ட்ரான்ஸ்ஃபார்மரையும் ஹீட்டர் லைனையும் பாருங்கள்.

அணைத்து, ரெக்டிஃபையரைப் போட்டு, மறுபடி. பல்ப் முதலில் கொஞ்சம் பிரகாசமாகி, பிறகு மங்க வேண்டும். மங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஃபில்டரில் ப்ளஸ் மைனஸ் தவறோ, எங்கோ ஷார்ட்டோ இருக்கிறது. எல்லாம் சரி என்றால் அவுட்புட் வால்வின் கிரிட்டில் மீட்டரை வையுங்கள். சைபரோ நெகட்டிவோ வர வேண்டும், பாசிட்டிவ் வரவே கூடாது. அறை விளக்கை அணைத்துவிட்டு வால்வின் பிளேட் சிவக்கிறதா பாருங்கள். மூக்கையும் பயன்படுத்துங்கள், தார் உருகும் வாசனை வந்தால் அது ட்ரான்ஸ்ஃபார்மர். பத்து நிமிடம் அமைதியாக ஓடினால் பல்பை எடுத்துவிட்டு நேராகப் போடலாம். வோல்ட்டேஜ்களை சர்க்யூட் படத்தோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்டேஜ் முடிந்ததும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இன்று செய்த வேலையில் புது இரைச்சல் வந்தால், காரணம் இன்று மாற்றிய மூன்றில் ஒன்று. தேடும் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ட்ரான்ஸ்மிட்டருக்குப் போகும்போது

ரிசீவர் இரண்டு மூன்று முடித்த பிறகு எஃப்டி-101, டிஎஸ்-520 பக்கம் வாருங்கள். அங்கேயும் கதை ஒன்றுதான், வோல்ட்டேஜ்தான் பெரியது. ட்ரைவர் வால்வு 12பிஒய்7ஏவின் பிளேட்டிலிருந்து கடைசி வால்வுகளின் கிரிட்டுக்கு ஒரு கப்ளிங் கண்டென்சர் போகும். அது லீக் ஆனால் கடைசி வால்வுகளின் பயாஸ் கெட்டு, விலை உயர்ந்த வால்வு ஜோடி வீணாகும். 1 கிலோவோல்ட்டுக்குக் குறையாத நல்ல கண்டென்சராகப் போட்டுவிட்டுத்தான் ட்ரான்ஸ்மிட் பக்கம் யோசிக்க வேண்டும். பெரிய ஃபில்டர்களை சீரிஸாக இரண்டு போட்டிருந்தால், ஒவ்வொன்றின் மேலும் வோல்ட்டேஜைச் சமமாகப் பிரிக்கும் ரெசிஸ்டரும் இருக்கும். கண்டென்சரோடு அதையும் மாற்றுங்கள், இரண்டும் ஒரே மதிப்பில் இருக்க வேண்டும். அணைத்த பிறகு கரண்டை வடிப்பதும் அந்த ரெசிஸ்டர்தான். அது அறுந்திருந்தால் பல நிமிடம் கழித்தும் 600 வோல்ட் அப்படியே நிற்கும். சோதனை எல்லாம் ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடில். ஆன்டெனாவில் சிக்னல் விடுவது டபிள்யூ.பி.சி. (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு மட்டும்.

செட் ஓடத் தொடங்கி ஒரு வாரம் ஆனதும், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அணைத்து, ப்ளக்கை எடுத்து, டிஸ்சார்ஜ் செய்து, ஃபில்டர் கண்டென்சர்களைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. சுட்டால் அது லீக் அடிக்கிறது, அல்லது ரெக்டிஃபையர் வால்வுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். இடம் மாற்றுங்கள். கழற்றிய பழைய கண்டென்சர்களை, இடத்தின் பெயர் எழுதி, ஒரு கவரில் போட்டு வையுங்கள், ஏதாவது சந்தேகம் வந்தால் மதிப்பைப் பார்க்க உதவும். மாற்றியவற்றின் பட்டியலையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு பத்து மீட்டர் வயர் ஒன்றை மொட்டை மாடியில் கட்டி, சாயங்காலம் ஹாம்கள் பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பிக் கேளுங்கள்.